பண்புசார் செவிலிய ஆய்வை எதை வைத்து மதிப்பிடுவது? கேஸ்ப், ஜேபிஐ, கோரெக், லிங்கன்–கூபா, செர்க்வல்: ஓர் ஒப்பீடு

எம்.எஸ்சி. நர்சிங்கில் தீசிஸ் எழுதுபவர்களும், ஜர்னல் கிளப்பில் கட்டுரை வாசிக்க மாட்டிக்கொண்ட ஸ்டாஃப் நர்ஸ்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்தக் குவாலிட்டேட்டிவ் ஆர்ட்டிகிளை எதை வைத்து கிரிட்டிக் பண்ணுவது?" கிரிட்டிக் என்றால் ஆய்வின் நிறைகுறைகளை எடைபோடுவது. குவாலிட்டேட்டிவ், அதாவது பண்புசார் ஆய்வு, எண்களை விட்டு மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராய்வது. எண்களோடு வரும் ஆய்வு என்றால் இந்தத் தயக்கம் இல்லை. மாதிரி அளவு, பி மதிப்பு, கட்டுப்பாட்டுக் குழு என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். "பன்னிரண்டு பேரிடம் பேசினோம், நான்கு கருப்பொருள்கள் கிடைத்தன" என்று சொல்லும் கட்டுரையில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லாததுதான் சிக்கல். பண்புசார் ஆய்வுகளை மதிப்பிட இதுவரை வந்த கருவிகளை 2019-இல் ஒரு ஆய்வுக்குழு தேடித் தொகுத்தபோது 102 கிடைத்தன. அத்தனையையும் இங்கே பார்க்க முடியாது. நம் கல்லூரிகளிலும் வெளிநாட்டு ஜர்னல்களிலும் அடிக்கடி அடிபடும் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். ஆறாவதாக, எந்தப் பட்டியலும் இல்லாமல் வாசிக்கும் வழியையும் சேர்த்திருக்கிறேன். அது சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் கேள்வி: உங்கள் தீர்ப்பு எங்கே போய்ச் சேரப் போகிறது? ஒரு கட்டுரையைப் பற்றி வகுப்பில் இருபது நிமிடம் பேசுவதும், நாற்பது கட்டுரைகளில் எவற்றை முறைசார் தொகுப்பாய்வில் (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை ஒழுங்காகத் தேடித் திரட்டும் ஆய்வு) சேர்ப்பது என்று முடிவெடுப்பதும், வார்டில் ஒரு நடைமுறையை மாற்றலாமா என்று நர்சிங் சூப்பரின்டென்டெண்டுக்குக் குறிப்பு எழுதுவதும் ஒரே வேலை அல்ல.

இரண்டாவது: கருவி பார்ப்பது ஆய்வு நடத்தப்பட்ட விதத்தையா, எழுதப்பட்ட விதத்தையா? இதைக் கவனிக்காமல் போவதால்தான் பாதி கிரிட்டிக்குகள் வீணாகின்றன.

மூன்றாவது: ஆய்வின் தத்துவ அடிப்படையும் முறையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அது கேட்கிறதா? நான்காவது: கண்டறிதல்களுக்கு உள்ளே நுழைகிறதா, அல்லது வாசலிலேயே நின்று "முறை சரி" என்று முத்திரை குத்திவிடுகிறதா? கடைசியாகச் செலவு. பணச் செலவு குறைவுதான். ஆள், நேரம், முன்னறிவு ஆகியவைதான் இங்கே உண்மையான செலவு.

ஒப்பீட்டுக்கு ஒரே கட்டுரையை எல்லாக் கருவியிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்காக ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்வோம். தலைப்பில் "பெனாமினாலஜி ஆய்வு" என்று இருக்கிறது. ஒரு அனுபவத்தை அதை வாழ்ந்தவரின் பார்வையிலிருந்து ஆராயும் முறை அது. ஐசியூ இரவுப் பணியில் நோயாளியின் மரணத்தை எதிர்கொண்ட 12 செவிலியர்களிடம் நேர்காணல். பேட்டி எடுத்தவர் அதே ஐசியூவின் இன்சார்ஜ் சிஸ்டர். பேட்டி தமிழில், கட்டுரையில் மேற்கோள்கள் ஆங்கிலத்தில். கிடைத்த கருப்பொருள்கள் நான்கு: மன அழுத்தம், வேலைப்பளு, குடும்பத்தினரை எதிர்கொள்ளுதல், ஆதரவு இல்லாமை. பின்னிணைப்பில் உள்ள நேர்காணல் கேள்விகளும் நான்கு. அவையும் ஏறத்தாழ இவையேதான். இதை "இரவுப் பணிக் கட்டுரை" என்று அழைப்போம்.

## கேஸ்ப்: முதல் முறை செய்பவருக்கு

கேஸ்ப் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் 1993-இல் தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டத்தின் பெயர். ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கத் தெரியாத மருத்துவப் பணியாளர்களுக்குப் பட்டறையில் சொல்லிக்கொடுக்க உருவானது. இதை மறந்துவிடக் கூடாது: இது பாடம் நடத்தப் பிறந்த கருவி.

பண்புசார் ஆய்வுக்கான பட்டியலில் பத்துக் கேள்விகள். நோக்கம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, பண்புசார் முறை இந்தக் கேள்விக்குப் பொருத்தமா என்ற முதல் இரண்டும் வடிகட்டும் கேள்விகள். அதற்குப் பின் வடிவமைப்பு, பங்கேற்பாளர் தேர்வு, தரவு சேகரிப்பு, ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள உறவு, அறநெறி, பகுப்பாய்வு, கண்டறிதல்கள். பத்தாவது, இந்த ஆய்வால் என்ன பயன் என்று கேட்கிறது. "ஆம்", "இல்லை", "சொல்ல முடியவில்லை" என்பவையே விடைகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிறு குறிப்புகள் இருப்பதால், பெனாமினாலஜி என்றால் என்ன என்று குழம்பும் மாணவிகூட ஒரு மாலையில் ஒரு கட்டுரையை முடித்துவிடலாம்.

இரவுப் பணிக் கட்டுரையை இதில் போட்டால் ஆறாவது கேள்வி நன்றாக வேலை செய்யும். இன்சார்ஜ் சிஸ்டரே பேட்டி எடுத்திருக்கிறார். டூட்டி ரோஸ்டர் போடுபவரிடம் "எனக்கு ஆதரவில்லை" என்று எத்தனை பேர் மனம் திறந்து சொல்லியிருப்பார்கள்? இந்தக் கேள்வியை கேஸ்ப் உங்கள் வாயில் வரவழைத்துவிடும். அதுவே பெரிய லாபம். ஆனால் "பெனாமினாலஜி" என்ற பெயர்ப்பலகைக்கும் உள்ளே நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்பதைப் பிடிக்கத் தனிக் கேள்வி எதுவும் அதில் இல்லை. மூன்றாவது கேள்வியை நீட்டி வளைத்தால் பிடிக்கலாம். தெரிந்தவருக்குத்தான் அது முடியும். இந்த ஓட்டையை அடைக்க, தத்துவ அடிப்படையைப் பற்றி ஒரு கேள்வியைச் சேர்த்த திருத்த வடிவத்தை 2020-இல் லாங், பிரெஞ்ச், புரூக்ஸ் மூவர் முன்மொழிந்தார்கள்.

மறைந்த செலவு ஒன்று உண்டு: மதிப்பெண். "ஆம்" என்றால் 1, கூட்டினால் 8/10, ஆகவே "நல்ல தரம்" என்று எழுதுவது தீசிஸ்களில் சர்வசாதாரணம். மதிப்பெண் போடுவதற்காக இந்தப் பட்டியல் உருவாகவில்லை. நோக்கத்தைத் தெளிவாக எழுதியதற்கு ஒரு மதிப்பெண், பகுப்பாய்வை ஒழுங்காகச் செய்ததற்கும் அதே ஒரு மதிப்பெண் என்றால் அந்தக் கூட்டுத்தொகைக்கு என்ன பொருள்? பகுப்பாய்வில் கோட்டைவிட்ட ஆய்வு 9/10 வாங்கிப் பாஸாகிவிடும்.

கேஸ்ப் சிறந்த தேர்வாவது: முதல் கிரிட்டிக், ஜர்னல் கிளப், பி.எஸ்சி. அசைன்மென்ட், நேரமில்லாத வார்டு.

## ஜேபிஐ: பொருத்தம் பார்ப்பவருக்கு

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1996-இல் ஜோஹன்னா பிரிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் தொடங்கியது ஜேபிஐ. அதன் பண்புசார் பட்டியலிலும் பத்துக் கேள்விதான். ஆனால் எடை வேறு இடத்தில் விழுகிறது. முதல் ஐந்து கேள்விகளும் பொருத்தத்தைப் பற்றியவை: ஆய்வு முறையியல் ஒரு பக்கம், தத்துவப் பார்வை, ஆய்வுக் கேள்வி, தரவு சேகரித்த விதம், பகுத்து முன்வைத்த விதம், பொருள்கொண்ட விதம் ஆகியவை மறுபக்கம். ஆறும் ஏழும் ஆய்வாளரை நோக்கித் திரும்புகின்றன: அவர் பண்பாட்டளவில், கோட்பாட்டளவில் எங்கே நிற்கிறார்? அவர் ஆய்வையும் ஆய்வு அவரையும் எப்படிப் பாதித்தது? எட்டாவது பங்கேற்பாளரின் குரல் ஒலிக்கிறதா என்கிறது. பிறகு அறநெறி ஒப்புதலும், முடிவுரை தரவிலிருந்து பிறக்கிறதா என்பதும்.

இங்கேதான் இரவுப் பணிக் கட்டுரை உதிரத் தொடங்குகிறது. நம் தீசிஸ்களில் பெனாமினாலஜி படும் பாட்டை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். அறிமுகத்தில் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர். முறையியல் பகுதியில், ஆய்வாளர் தன் முன்னெண்ணங்களை ஒதுக்கி வைத்தார் என்று பிராக்கெட்டிங். பகுப்பாய்வில் உளவியலாளர் கொலைஸியின் ஏழு படிகள். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. முன்னெண்ணங்களை ஒதுக்குவது, பெனாமினாலஜியைத் தொடங்கிய தத்துவவாதி ஹுசர்ல் வழி வந்த விவரிப்பு மரபு. நம் முன்புரிதலை விட்டு வெளியேறவே முடியாது, அதன் வழியாகத்தான் எதையும் புரிந்துகொள்கிறோம் என்பது ஹைடெக்கர் வழி. கொலைஸியின் ஏழாவது படி, முடிவுகளைப் பங்கேற்பாளரிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சரிபார்க்கச் சொல்கிறது. அதே விவரிப்பு மரபில் நிற்கும் உளவியலாளர் ஜியோர்ஜி அந்தப் படியையே ஏற்பதில்லை. ஜேபிஐயின் முதல் ஐந்து கேள்விகளும் இந்தச் சிக்கலைத் தப்பவிடாது. கேஸ்பில் இது பெரும்பாலும் நழுவிவிடும்.

2010-இல் ஹான்னஸ், லாக்வுட், பியர்சன் மூவரும் கேஸ்பையும் ஜேபிஐயையும் இன்னொரு கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒருங்கிசைவில் ஜேபிஐ முந்துகிறது என்றும் ஆய்வின் ஏற்புடைமையை (வேலிடிட்டி) பிடிப்பதில் கேஸ்ப் பின்தங்குகிறது என்றும் எழுதினார்கள். தீசிஸ்களில் ஜேபிஐயைத் தேர்ந்ததற்குக் காரணமாக இந்தக் கட்டுரை மேற்கோள் காட்டப்படுகிறது. கிரிட்டிக் எழுதப் பழகுபவர் இதையும் கவனிக்கலாம்: பியர்சன் ஜேபிஐயை நிறுவியவர், லாக்வுட் அங்கே பணியாற்றியவர். அதனால் முடிவு தவறாகிவிடாது. எனக்கும் அந்த முடிவு சரியென்றே படுகிறது. ஆனால் ஜேபிஐயின் ஆறாவது கேள்வியை அந்தக் கட்டுரைக்கே கேட்டுப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

செலவுக்கு வருவோம். பட்டியல் இலவசம், முழுத் தொகுப்பாய்வு செய்யும் சுமாரி மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிட வேண்டும் என்பது அதன் நடைமுறை. தனியாளாகத் தீசிஸ் எழுதுபவருக்கு இரண்டாவது ஆள் கிடைப்பதே பாடு. எல்லாவற்றுக்கும் மேலான செலவு முன்னறிவு. விளக்கவழிப் பார்வை எது, விமரிசன மரபு எது என்று தெரியாமல் "பொருத்தம் உண்டு" என்று டிக் அடிப்பதற்கு ஜேபிஐ தேவையே இல்லை.

ஒரு அநியாயமும் நடக்கும். செவிலிய ஆய்வில் கணிசமானவை எந்தத் தத்துவத்தையும் உரிமை கொண்டாடாத எளிய விவரிப்பு ஆய்வுகள். அப்படி எளிமையாக விவரிப்பதும் மதிப்புள்ள முறைதான் என்று செவிலிய ஆய்வாளர் மார்கரெட் சாண்டலோவ்ஸ்கி 2000-இல் வாதிட்ட பிறகு அவற்றுக்குக் கௌரவமும் கூடியது. அத்தகைய கட்டுரை முதல் கேள்வியிலேயே "தெளிவில்லை" வாங்கும். பெரிய தத்துவப் பெயரைப் போட்டுவிட்டு அதன்படி நடக்காத கட்டுரையும், பெயரே போடாமல் நேர்மையாக நடந்த கட்டுரையும் ஒரே இடத்தில் நிற்கும்.

முறைசார் தொகுப்பாய்வு, பி.எச்டி., முறையியல் பற்றிய வைவா கேள்விகளுக்குத் தயாராகும் தீசிஸ்: இங்கெல்லாம் ஜேபிஐ. இதில் இன்னொரு வசதி: தொகுப்பாய்வில் ஒவ்வொரு கண்டறிதலையும் அதற்கு ஆதாரமான மேற்கோளோடு சேர்த்து வைத்து, ஐயத்துக்கு இடமில்லாதது, நம்பத்தக்கது, ஆதாரமில்லாதது என்று மூன்று நிலையில் பிரிக்கச் சொல்கிறது. கண்டறிதலுக்குள் நுழையும் கருவி என்ற பெயரை இந்தப் படியில்தான் அது சம்பாதிக்கிறது.

## கோரெக்: கிரிட்டிக்குக்கு அல்ல

2007-இல் டோங், செயின்ஸ்பரி, கிரெய்க் மூவரும் வெளியிட்ட 32 அம்சப் பட்டியல் இது. நேர்காணல், குழு விவாதம் ஆகியவற்றை வைத்துச் செய்த ஆய்வை எழுதும்போது எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்கான வழிகாட்டி. ஆய்வுக்குழு, வடிவமைப்பு, பகுப்பாய்வும் கண்டறிதல்களும் என்று மூன்று பகுதி. 2014-இல் வந்த எஸ்ஆர்க்யூஆர் என்ற 21 அம்சப் பட்டியலும் இதே இனம். ஆனால் நேர்காணலோடு நிற்காமல் எல்லாப் பண்புசார் முறைகளுக்கும் பொருந்தும்.

இதை மதிப்பீட்டுக் கருவியாக எடுத்துக்கொண்டு "32-க்கு 24, ஆகவே தரமான ஆய்வு" என்று எழுதுவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. "பேட்டியின்போது வேறு யாரும் இருந்தார்களா?" என்று கோரெக் கேட்கிறது. "இருந்தார்கள்; நர்சிங் சூப்பரின்டென்டெண்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்" என்று எழுதிவிட்டால் கோரெக்கின்படி அந்த அம்சம் நிறைவேறிவிட்டது. பேட்டி பாழானது பற்றி அதற்குக் கவலையில்லை. இருக்க வேண்டியதும் இல்லை. அதன் வேலை வேறு.

தரவு நிறைவைப் (இனிப் பேட்டி எடுத்தாலும் புதிதாக எதுவும் வராத நிலை) பற்றிப் பேசினார்களா, எத்தனை பேர் கோடிங் (பேட்டியின் பகுதிகளுக்குக் குறிச்சொல் இடுவது) செய்தார்கள், பேட்டியின் எழுத்துப்படியைப் பங்கேற்பாளருக்குத் திருப்பிக் காட்டினார்களா என்றும் பட்டியல் கேட்கிறது. பிரானும் கிளார்க்கும் சொல்லும் தற்சிந்தனை வழித் தீமேட்டிக் அனாலிசிஸ் (ஆய்வாளர் தன் பார்வையையும் கணக்கில் கொண்டு கருப்பொருள்களை உருவாக்கும் முறை) செய்பவருக்கு இவை அவசியமே இல்லை. அங்கே ஒரே ஆள் கோடிங் செய்வது குறையாகாது. ஆனால் ஜர்னல் கோரெக் படிவம் கேட்கிறது என்பதற்காகச் செய்யாததைச் செய்ததுபோல் எழுதும் ஆசை வருகிறது. பட்டியலில் உள்ள நுட்பங்களைச் சேர்த்துவிட்டால் ஆய்வு திடமாகிவிடும் என்ற நம்பிக்கையை பார்பர் 2001-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கேள்வி கேட்டுவிட்டார்.

நீங்களே ஆய்வு எழுதி ஜர்னலுக்கு அனுப்பும்போது கோரெக்கை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் ஆய்வை எடைபோட வேண்டாம். அதிகபட்சமாக, "இந்தத் தகவல் கட்டுரையிலேயே இல்லை" என்று கண்டுபிடிக்க உதவும். சொற்கட்டுப்பாடு உள்ள ஜர்னலில் வெளியான கட்டுரைக்கு அந்தக் குறை எவ்வளவு தூரம் ஆய்வாளரின் குறை என்பதும் யோசிக்க வேண்டியது.

## லிங்கன்–கூபா: உரைநடையில் கிரிட்டிக் எழுதுபவருக்கு

1985-இல் லிங்கனும் கூபாவும் வைத்த நான்கு அளவுகோல்கள் இல்லாமல் நம் நர்சிங் ஆராய்ச்சிப் பாடமே இல்லை. நம்பகம், பிற இடத்துக்குப் பொருத்திப் பார்க்கக்கூடிய தன்மை, சார்ந்திருக்கக்கூடிய தன்மை, உறுதிப்படுத்தக்கூடிய தன்மை. எண்சார் ஆய்வின் உள் ஏற்புடைமை, வெளி ஏற்புடைமை, நம்பகத்தன்மை, புறவயத்தன்மை ஆகிய நான்குக்கும் மாற்றாக இவை வந்தன. இது கேள்விப் பட்டியல் அல்ல. சிந்திக்க ஒரு சட்டகம். பத்தி பத்தியாக கிரிட்டிக் எழுத வேண்டியவருக்கு நான்கு தலைப்புகள் தயாராகக் கிடைத்துவிடுகின்றன.

இதற்குச் சேர்ந்துவிட்ட நோய் சடங்கு. நீண்ட நாள் களத்தில் இருந்தோம், சகாக்களோடு விவாதித்தோம், பங்கேற்பாளரிடம் சரிபார்த்தோம், ஆடிட் டிரெயில் (முடிவுகளை எடுத்த தடத்தின் பதிவு) வைத்தோம் என்று ஒரு பத்தி எழுதிவிட்டால் நம்பகம் கிடைத்ததாகக் கணக்கு. பங்கேற்பாளரிடம் சரிபார்ப்பது ஏன் அவ்வளவு உறுதியான சான்று அல்ல என்று சாண்டலோவ்ஸ்கி 1993-லேயே எழுதினார்: சொன்னதை மறந்திருப்பார்கள், மறுக்கத் தயங்குவார்கள், பலர் சொன்னதைத் திரட்டிய ஆய்வாளரின் விளக்கத்தில் ஒருவர் தன்னைக் காணாமலும் போகலாம். இரவுப் பணிக் கட்டுரையில் இன்சார்ஜ் சிஸ்டர் எழுத்துப்படியைக் கொடுத்து "சரியா பார்த்துச் சொல்லு" என்றால், "சரிதான் சிஸ்டர்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? அந்தப் பதிலை நம்பகத்துக்குச் சான்றாகக் கட்டுரையில் காட்டுவார்கள். ஜானிஸ் மோர்ஸும் சகாக்களும் 2002-இல் இன்னொரு பக்கத்திலிருந்து தாக்கினார்கள்: ஆய்வு முடிந்த பின் வெளியாள் வந்து அளக்கும் தரத்தைவிட, ஆய்வு நடக்கும்போதே ஆய்வாளர் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழிகள் முக்கியம் என்று.

ஆனாலும் நான்கில் ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன்: பிற இடத்துக்குப் பொருத்திப் பார்க்கக்கூடிய தன்மை. இதில் பொறுப்பு வாசகருக்கு மாறுகிறது. ஆய்வாளர் தன் களத்தை விரிவாக வரைந்து காட்ட வேண்டும். அது என் வார்டுக்குப் பொருந்துமா என்று நான்தான் சொல்ல வேண்டும். ஸ்வீடன் ஐசியூவில் குடும்பத்தினரின் அனுபவத்தைப் பற்றிய ஆய்வை வாசிக்கிறோம் என்று வையுங்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைப் பொது வார்டில் நோயாளிக்கு உணவு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்துச் சீட்டோடு ஓடுவது எல்லாம் கூட இருக்கும் உறவினர்தான். அங்கே "பார்வையாளர்" என்று எழுதப்பட்டவரும் இங்கே உடனிருப்பவரும் ஒரே பாத்திரம் அல்ல. இதை உங்களுக்குச் சொல்ல எந்தப் பட்டியலாலும் முடியாது.

## செர்க்வல்: இது வேறு மாடி

கேஸ்பா செர்க்வலா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியே பொருந்தாது. முந்தையவை ஒரு ஆய்வை மதிப்பிடுகின்றன. கிரேட்-செர்க்வல் பல ஆய்வுகளைத் திரட்டிக் கிடைத்த ஒரு கண்டறிதலை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது. முறையியல் குறைகள், ஒத்திசைவு, தரவின் போதுமை, கேள்விக்குப் பொருத்தம் என்று நான்கு கூறுகள். உயர்ந்த நம்பிக்கையில் தொடங்கிக் குறைகளுக்கேற்ப நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று இறக்குவார்கள். முதல் கூறுக்கு கேஸ்ப் அல்லது ஜேபிஐ போன்ற ஒன்றைச் செய்து முடித்திருக்க வேண்டும்.

கர்ப்ப கால கவனிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் பெண்கள் எதை விரும்புகிறார்கள், எதை ஏற்பார்கள் என்ற பகுதிகள் இப்படி மதிப்பிடப்பட்ட பண்புசார் ஆதாரங்களின் மேல் நிற்கின்றன. பண்புசார் ஆய்வு "கதை" மட்டும்தான் என்று சொல்லும் டாக்டர்களிடம் காட்ட நல்ல உதாரணம். தனியொரு கட்டுரையைக் கையில் வைத்திருப்பவருக்கு இது தேவைப்படாது.

## கருவியே இல்லாமல் வாசிப்பது

டிக்சன்-வுட்ஸும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. தாய்ப்பாலூட்டலுக்கான ஆதரவு பற்றிய 12 கட்டுரைகளை ஆறு அனுபவசாலிகளிடம் கொடுத்து மூன்று வழியில் மதிப்பிடச் செய்தார்கள்: கேஸ்ப், பிரிட்டன் அமைச்சரவை அலுவலகத்தின் தரச் சட்டகம், எந்தக் கருவியும் இல்லாத சொந்தத் தீர்ப்பு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்தபின் எஞ்சும் உடன்பாட்டைக் காட்டும் கப்பா மதிப்பு 0.13. மிகச் சொற்பம். கருவி வைத்திருந்தவர்கள், வைத்திராதவர்களைவிட அதிகமாக ஒத்துப்போகவும் இல்லை. கருவி செய்த ஒரே நன்மை, ஏன் அப்படித் தீர்ப்பளித்தோம் என்ற காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வைத்ததுதான்.

இதைப் படித்துவிட்டுக் கருவிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கருவி தீர்ப்பைத் தராது, தீர்ப்புக்கான காரணத்தை எழுத இடம் தரும் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

கருவியின்றி வாசிக்கும்போது ஒரே கேள்வி: இங்கே கண்டுபிடித்தது என்ன? சாண்டலோவ்ஸ்கியும் பரோஸோவும் 2003-இல் பண்புசார் கண்டறிதல்களை ஒரு வரிசையில் அடுக்கினார்கள். ஒரு முனையில், கண்டறிதலே இல்லாமல் வெறும் தரவை மட்டும் கொட்டிய கட்டுரை. அடுத்து, தலைப்புகளாகப் பிரித்து வைத்தது. பிறகு கருப்பொருள்களின் பட்டியல், அதற்கு மேல் கருத்தாக்க விவரிப்பு, மறுமுனையில் ஏன், எப்படி என்று விளக்கும் கோட்பாடு. இரவுப் பணிக் கட்டுரையை இங்கே வைத்துப் பாருங்கள். நேர்காணலில் வேலைப்பளுவைப் பற்றிக் கேட்டார்கள். வேலைப்பளு என்ற கருப்பொருள் "வெளிப்பட்டது". கேட்ட கேள்வியே விடையாகத் திரும்பி வந்திருக்கிறது. பெனாமினாலஜி என்று பெயர். இருப்பது தலைப்புவாரிப் பட்டியல். கேஸ்ப் ஒன்பதாவது கேள்விக்குக் கண்டறிதல்கள் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதாக "ஆம்" வாங்கியிருக்கும்.

எதிர் உதாரணமும் உண்டு. மருத்துவமனையில் இறந்துகொண்டிருப்பவர்களைச் சுற்றி நடப்பதைக் கலிஃபோர்னியாவில் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் ஆய்ந்து 1965-இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் ஜீன் குவின்ட் என்ற செவிலியரும் இருந்தார். தான் சாகப்போவது நோயாளிக்குத் தெரியாத நிலை, சந்தேகிக்கும் நிலை, எல்லோருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை, வெளிப்படையாகத் தெரிந்த நிலை என்று நான்கைப் பிரித்துக் காட்டினார்கள். மூன்றாவது நிலையை நம் வார்டில் பார்க்காத செவிலியர் உண்டா? "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் காரிடாரில் கெஞ்ச, உள்ளே அப்பா எல்லாம் தெரிந்தும் "எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்பது வேறென்ன? அந்த ஆய்வை இன்றைய பட்டியல்களில் போட்டால் அறநெறிக் குழு ஒப்புதல் போன்ற கேள்விகளில் அடிபடும். மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்கு முன்கூட்டிய அறநெறிச் சரிபார்ப்பை அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை தன் நிதியுதவிக்கு நிபந்தனையாக்கியதே 1966-இல்தான்.

இந்த வழியின் செலவு கொஞ்சமல்ல. நிறைய வாசித்த கண் வேண்டும். தீசிஸ் கமிட்டி முன் "எனக்கு அப்படித் தோன்றியது" என்று சொன்னால் நிற்காது. பிடித்த எழுத்து நடையில் மயங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. மேற்கோள்கள் உருக்கமாக இருந்தால் பகுப்பாய்வு இல்லாதது கண்ணுக்குப் படாது.

## ஒரே பார்வையில்

| வழி | எதை மதிப்பிடுகிறது | தத்துவப் பொருத்தம் | கண்டறிதலுக்குள் நுழைகிறதா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கேஸ்ப் | ஒரு ஆய்வு, நடத்திய விதம் | தனிக் கேள்வி இல்லை | ஓரளவு | மதிப்பெண் போடும் ஆசை |
| ஜேபிஐ | ஒரு ஆய்வு, உள்பொருத்தம் | முதன்மையானது | தொகுப்பாய்வுப் படியில் ஆம் | முன்னறிவு, இரண்டாவது ஆள் |
| கோரெக் | எழுதிய விதம் மட்டும் | பெயரைக் கேட்கிறது, பொருத்தத்தை அல்ல | இல்லை | தரச் சான்றாகத் தவறாக எடுத்துக்கொள்வது |
| லிங்கன்–கூபா | ஆய்வின் நம்பத்தகுதி | மறைமுகம் | வாசகரைப் பொறுத்தது | சடங்குப் பத்திகள் |
| செர்க்வல் | பல ஆய்வுகளின் ஒரு கண்டறிதல் | வேறு கருவி வழியாக | ஆம் | முழுத் தொகுப்பாய்வும் தேவை |
| கருவியின்றி | கண்டறிதலின் ஆழம் | தெரிந்தவருக்கு மட்டும் | ஆம், அதுவே வேலை | அனுபவம், விருப்பு வெறுப்பு |

## உங்கள் நிலைமை எது?

நாளை மறுநாள் ஜர்னல் கிளப் என்றால் யோசிக்க வேண்டாம், கேஸ்ப். ஆனால் பட்டியலைத் திறப்பதற்கு முன் கண்டறிதல் பகுதியை ஒரு தடவை பென்சிலோடு வாசித்து, இதில் எனக்குத் தெரியாதது எது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பட்டியலை முதலில் திறந்தால் கண் முறையியல் பகுதியை விட்டு நகராது.

தீசிஸின் இலக்கிய மதிப்பாய்வில் ஏழெட்டுப் பண்புசார் ஆய்வுகள் இருந்தால் ஜேபிஐ. கைடு "ஸ்கோர் எங்கே?" என்று கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் தரும் அட்டவணையைக் கொடுங்கள். ஸ்கோரைவிட அது வைவாவில் அதிக நேரம் தாங்கும். எண்சார் ஆய்வுகளும் கலப்பு முறை ஆய்வுகளும் சேர்ந்து கிடந்தால், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான எம்மேட் கருவியின் 2018 வடிவம் மூன்றையும் ஒரே படிவத்தில் அடக்குகிறது. அதுவும் மொத்த மதிப்பெண் வேண்டாம் என்றே சொல்கிறது. பண்புசார் பகுதிக்கு ஐந்தே கேள்வி. ஆழம் அந்த அளவுக்குத்தான்.

வார்டில் எதையாவது மாற்ற நினைப்பவர் கருவியில் பாதி நேரமும், பிற இடத்துக்குப் பொருந்துமா என்பதில் மீதி நேரமும் செலவிடட்டும். ஏற்கெனவே செர்க்வல் செய்த தொகுப்பாய்வு கிடைத்தால் தனிக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

## எந்தப் பட்டியலும் கேட்காத ஒன்று

இரவுப் பணிக் கட்டுரையில் பேட்டி தமிழில் நடந்தது. மேற்கோள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இடையில் என்ன நடந்தது? கேஸ்பின் பத்திலும் ஜேபிஐயின் பத்திலும் கோரெக்கின் 32-லும் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. பேசுபவரின் மொழியும் எழுதுபவரின் மொழியும் ஒன்றாக இருந்த இடங்களில் உருவான பட்டியல்களுக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். நமக்கு அது தலைவாசல்.

ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும் கீழே கையால் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். எழுத்துப்படி எந்த மொழியில் எடுக்கப்பட்டது? கோடிங் தமிழில் நடந்ததா, மொழிபெயர்த்த பின் ஆங்கிலத்தில் நடந்ததா? மொழிபெயர்த்தவர் ஆய்வாளரா, காசு கொடுத்து வைத்த வெளியாளா? தமிழ் மூலத்தில் ஒரு மேற்கோளாவது கட்டுரையிலோ பின்னிணைப்பிலோ இருக்கிறதா? கோடிங் ஆங்கிலத்தில் நடந்திருந்தால், அந்த நான்கு கருப்பொருள்களும் செவிலியர்கள் சொன்னவற்றின் கருப்பொருள்களா, மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த சொற்களின் கருப்பொருள்களா என்று கிரிட்டிக்கில் தயங்காமல் கேளுங்கள். விடை கட்டுரையில் இல்லாவிட்டால் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் முதல் பக்கத்திலேயே இருக்கும், எழுதிக் கேட்கலாம்.